படையலுக்கு வாங்கிய டின்மீன்

பொகவந்தலாவையில் பொதுச் சுகாதாரப் பரிசோதகராக எனக்கு அது முதல் வருடம். ஒரு தேயிலைத் தோட்டத்துக் கடையில் இருந்த டின்மீன் எல்லாம் மூடி உப்பி, விளிம்பில் கசிந்திருந்தன. அத்தனையையும் பறிமுதல் செய்து பெட்டிகளுக்குச் சீல் வைத்தேன். ஒரு டின் மட்டும் காலையிலேயே விற்றுப்போனதாகக் கடைக்காரர் சொன்னார். அதைத் தேடி, தொழிலாளர்கள் வரிசை வீடுகளில் குடியிருக்கும் லயத்துக்குப் போனேன்.

வாங்கியவள் கொழுந்து பறிப்பவள். அன்று அவள் கணவனுக்குக் கருமாதி. அவனுக்குப் பிடித்தவற்றை வாழையிலையில் வைத்துக்கொண்டிருந்தாள்: வடை, சுருட்டு, கால் போத்தல் சாராயம். டின்னை இன்னும் திறக்கவில்லை.

"இது கெட்டுப்போச்சு, குடுத்துருங்க" என்றேன்.

"செத்தவருக்குத்தானே மிஸ் வைக்கிறேன். இனி அவருக்கு வயிறா வலிக்கப் போகுது?"

பக்கத்து வீட்டுப் பெண்கள் சிரித்துவிட்டார்கள். படைத்த பிறகு அதை யார் சாப்பிடுவார்கள் என்று கேட்டேன். சிரிப்பு நின்றது. அவளுடைய மூன்று பிள்ளைகளும் இலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள்.

"கடையில வேற நல்ல டின் இருக்கா மிஸ்?"

இல்லை. பஜாருக்குப் போகும் கடைசி பஸ்ஸும் போய்விட்டிருந்தது.

"சம்பளத்தன்னைக்கு இதத்தான் வாங்கியாரச் சொல்வாரு" என்றபடி, டின்னில் ஒட்டியிருந்த தாளை நகத்தால் கிழியாமல் உரித்தாள். மீன் படம் போட்ட அந்தத் தாளை இலையில் விரித்து, பறக்காதபடி ஓரத்தில் ஒரு வடையை வைத்தாள். தாள் உரித்த டின்னைத் திறக்காமலே என்னிடம் தந்தாள்.

பிள்ளைகள் விழுந்து கும்பிட்டார்கள். நான் டின்னைப் பிடித்தபடி வாசலில் நின்றேன்.