நான்கு மணிக்கு ஏறும் வீடு

எங்கள் வீடு தினமும் சாயங்காலம் நான்கு மணிக்கு நூறடி உயரத்துக்குப் போய்விடும் என்று பத்து வயதில் நான் முழுதாக நம்பினேன். நம்பியதில் என் தப்பு ஒன்றுமில்லை. சித்தப்பா கொண்டுவந்த கருவி அப்படித்தான் காட்டியது.

சித்தப்பா ராணுவத்தில் இருந்தார். துப்பாக்கி பிடிக்கிற வேலை இல்லை. ஹெலிகாப்டரில் இருக்கிற மீட்டர்கள் சரியாகக் காட்டுகின்றனவா என்று சோதித்து, திருத்தி, பதிவேட்டில் எண்ணை எழுதி, தனக்கென்று கொடுத்த முத்திரையைக் குத்துகிற வேலை. அந்த முத்திரை விழாமல் ஒரு மீட்டரும் மேலே பறக்கக் கூடாதாம். அந்தக் கோடை விடுமுறையில் இரண்டு மாத லீவில் அல்லிநகரத்தில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். முத்திரையை மேலதிகாரிகள் வாங்கி வைத்துக்கொண்டார்கள் என்றும், மறுபடி ஒரு பரீட்சை எழுதித் தேறினால்தான் சான்றிதழும் முத்திரையும் திரும்பக் கிடைக்கும் என்றும் அப்பா அம்மாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது. ஏன் வாங்கினார்கள் என்பதை மட்டும் என் காதில் விழும்படி யாரும் பேசவில்லை. மீசை வைத்த ஆள் ஒருவர் என்னைப் போலவே பரீட்சைக்குப் படிப்பது எனக்கு ஒரே கொண்டாட்டமாக இருந்தது.

அவர் வந்த இரண்டாம் நாளே வீட்டில் இருந்த பொருள்களுக்கெல்லாம் சோதனைக்காலம் தொடங்கிவிட்டது. சுவர்க் கடிகாரம் வேகம், காய்ச்சல் பார்க்கிற தெர்மாமீட்டர் மந்தம், அம்மாவின் அரிசிப் படி சற்றுக் குறைவு. கோயில் மணி நாற்பது வினாடி பிந்தி அடிக்கிறது என்று சர்ச்சுக்குப் போய்ப் பங்குச் சாமியாரிடமே சொல்லிவிட்டு வந்தார். அம்மாவுக்கு வெளியில் தலைகாட்ட முடியவில்லை. எதைப் பார்த்து அளவு படிப்பதானாலும் அதற்கு முன் ஒற்றை விரலால் இரண்டு முறை தட்டுவார். உள்ளே முள் எங்காவது சிக்கி நின்றிருந்தால் தட்டினால் விடுபட்டுவிடுமாம். டொக், டொக். அந்தச் சத்தம் கேட்டால் சித்தப்பா எதையோ படிக்கிறார் என்று அர்த்தம்.

பழகிப் பார்ப்பதற்காக, கழித்துப் போட்ட ஆல்டிமீட்டர் ஒன்றை அவர் கொண்டுவந்திருந்தார். ஹெலிகாப்டர் எவ்வளவு உயரத்தில் பறக்கிறது என்று காட்டும் கருவி அது. கறுப்பு முகம், வெள்ளை முள். முகத்தில் சின்னதாக ஒரு ஜன்னல், அதற்குள் ஓர் எண். கீழே ஒரு திருகு. திருகைத் திருப்பினால் எண்ணும் முள்ளும் சேர்ந்து நகரும். திருஇருதய ஆண்டவர் படத்துக்குக் கீழே, தையல் மிஷின் மேல் அதை வைத்து, யாரும் தொடக் கூடாது என்று சொல்லியிருந்தார். காலை பத்து மணிக்கும் சாயங்காலம் நான்கு மணிக்கும் தட்டிப் பார்த்து நோட்டில் எழுதுவார்.

காலையில் கீழே இருக்கும் முள் நான்கு மணிக்கு ஏறக்குறைய நூறடி மேலே ஏறியிருக்கும். மறுநாள் காலையில் இறங்கியிருக்கும். ஒருநாள்கூட இது தவறவில்லை.

"ஏன் சித்தப்பா இப்பிடி?" என்று கேட்டேன்.

"வீடு ஏறுதுத்தா" என்றார் சிரிக்காமல். பிறகு, வெயில் ஏற ஏறக் காற்றின் அழுத்தம் குறையும், அதை இந்த முள் உயரம் என்று நினைத்துக்கொள்ளும் என்று விளக்கினார். பின்னால் சொன்னது எனக்குத் தேவைப்படவில்லை. முன்னால் சொன்னதே போதுமாக இருந்தது.

அம்மா மூன்று மணி செபத்தை முடித்துவிட்டுத் தூங்கிப்போவாள். அதன்பின் வீடு மெல்லக் கிளம்பும். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். தெருவில் போகிற சைக்கிள் மணி எங்கோ கீழேயிருந்து கேட்கும். நான்கு மணிக்கு மேல் யார் கூப்பிட்டாலும் வாசற்படியிலிருந்து காலை எடுத்து வைக்க மாட்டேன்.

ஒருநாள் சித்தப்பா அந்தக் கருவியிடம் பேசிக்கொண்டிருந்ததைக் கதவிடுக்கில் பார்த்தேன். முகத்தைக் கண்ணாடிக்கு மிக அருகில் வைத்து, "அன்னைக்கி அங்கன எம்புட்டுக் காட்டுன?" என்று கேட்டார். பதில் கேட்பதுபோலக் காதைக் கண்ணாடியில் வைத்தார். பிறகு டொக், டொக். பரீட்சைக்கு வாய்ப்பாடம் சொல்லிப் பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். ஆனாலும் உள்ளே போகாமல் திரும்பிவிட்டேன்.

சனிக்கிழமை காலைகளில் என்னையும் கூட்டிக்கொண்டு தேனி ரயில்வே ஸ்டேஷனுக்குப் போவார். அப்போது அங்கே ரயில் கிடையாது. பாதையை அகலமாக்குவதற்காகத் தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போயிருந்தார்கள். ஆடு மேய்கிற பிளாட்பாரத்தில் மஞ்சள் பலகை மட்டும் ஊர்ப் பெயரையும், கடல் மட்டத்திலிருந்து அந்த இடம் எத்தனை மீட்டர் உயரம் என்பதையும் யாருக்கோ சொல்லிக்கொண்டு நின்றது. சித்தப்பா அதன் காலடியில் கருவியை வைத்து, பலகையில் உள்ள உயரத்தை அடிக்கு மாற்றி, முள் அதைக் காட்டும்வரை திருகுவார். பிறகு ஜன்னலில் தெரிகிற எண்ணை நோட்டில் எழுதிக்கொள்வார். அடுத்த சனிக்கிழமைவரை திருகைத் தொட மாட்டார். தொடாதவரை அந்த எண் மாறாது.

பரீட்சைக்கு நான்கு நாள் இருக்கும்போது, ஒரு வெள்ளிக்கிழமை நான்கு மணிக்கு முள்ளைப் படித்து எழுதிவிட்டுப் பரீட்சைப் படிவத்தை ஜெராக்ஸ் எடுக்கக் கடைவீதிக்குப் போனார். அவர் போனதும் மேற்கு மலைப்பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது. காற்று ஜன்னல் கதவுகளை அடித்தது. நான் முள்ளைப் பார்த்தேன். வழக்கமாக நிற்கிற இடத்தைத் தாண்டி அது இன்னும் ஏறிக்கொண்டிருந்தது. என் கண் முன்னால், தட்டாமலே ஏறியது. அம்மா அசையாமல் தூங்கினாள். இன்றைக்கு வீடு இறங்கப் போவதில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. திருகைப் பிடித்து, காலையில் முள் நின்ற இடம்வரைக்கும் திருப்பினேன்.

காற்று நின்றது. மெய்யாகவே அந்த நொடியில் நின்றது. சடசடவென்று மழை விழுந்தது, மண் வாசனை அருகில் வந்தது, தெருவில் யாரோ ஓடுகிற காலடி பக்கத்திலேயே கேட்டது. வீட்டை நான் தரையிறக்கிவிட்டேன். ஆண்டவர் படத்துச் சிவப்பு பல்பு மட்டும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

மறுநாள் விடிந்ததும் ஸ்டேஷனுக்குப் போனோம். சித்தப்பா நோட்டைப் பிரித்து, போன சனிக்கிழமை எழுதிய எண்ணைப் பார்த்தார். கருவியின் ஜன்னலைப் பார்த்தார். கண்ணாடியைச் சட்டையில் துடைத்தார். டொக், டொக். மறுபடி நோட்டைப் பார்த்தார். பின்பு பிளாட்பாரத்தில் உட்கார்ந்துவிட்டார். ஓர் ஆடு வந்து அவர் கையில் இருந்த நோட்டை முகர்ந்தது, அவர் விரட்டவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் கேட்டார். "மதினி, யாராச்சும் இதத் தொட்டீகளா?"

"நான் எதுக்குத் தம்பி தொடுறேன்? உங்க அண்ணன் அந்தப் பக்கமே வரல" என்றாள் அம்மா.

என் முன்னால் குந்தி உட்கார்ந்தார். "ஆத்தா, நீ தொட்டியா? தொட்டிருந்தா ஒண்ணுமில்ல. சித்தப்பா திட்ட மாட்டேன். சொல்லு."

திட்ட மாட்டேன் என்கிறவர்கள்தான் திட்டுவார்கள் என்பது அந்த வயதில் எனக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். "தொடல" என்றேன்.

"சத்தியமா?"

"சத்தியமா தொடல."

என் கண்ணையே பார்த்தார். படிப்பதற்கு முன் செய்வதைப்போல என் கன்னத்தில் ஒற்றை விரலால் மெதுவாக இரண்டு தட்டுத் தட்டினார்.

"புள்ள பொய் சொல்லாது" என்றார் அம்மாவிடம். பிறகு, "அப்ப நாந்தேன் தப்பா எழுதிட்டேன்" என்றார்.

அன்று முழுக்க உட்கார்ந்து ஒரே ஒரு பக்கம் எழுதினார். அதை உறையில் போட்டு ஒட்டினார். பரீட்சைக்குப் போகவில்லை. "ஏலே, இம்புட்டுப் படிச்சிட்டுப் பயந்தா ஓடுறது?" என்று அப்பா சத்தம்போட்டார். லீவு முடிந்து போன சித்தப்பா, சில மாதங்களில் வேலையை விட்டுவிட்டு வந்தார். இன்று மார்க்கையன்கோட்டையில் ஒரு தென்னந்தோப்பைப் பார்த்துக்கொள்கிறார். அவர் வீட்டில் கடிகாரம் கிடையாது.

நான் கல்லூரியில் சேர்ந்த பிறகுதான் அப்பா வாய் திறந்தார். வடக்கே ஒரு மலையில் மேகத்துக்குள் ஹெலிகாப்டர் ஒன்று மோதியிருக்கிறது. உள்ளே மூன்று பேர். அதில் இருந்த ஆல்டிமீட்டர் சித்தப்பா முத்திரை குத்தியது. கிடைத்த கருவியின் ஜன்னலில் இருந்த எண்ணும் பதிவேட்டில் அவர் எழுதிய எண்ணும் ஒத்துப்போகவில்லை. தான் சரியாகத்தான் எழுதியதாகவும், தனக்குப் பிறகு யாரோ திருகைத் தொட்டிருப்பதாகவும் விசாரணையில் அவர் கடைசிவரை சொன்னாராம். தப்பு தன்னுடையதுதான் என்று எழுதிப் போட்ட அந்த உறை அல்லிநகரத்திலிருந்து போய்ச் சேரும்வரைக்கும்.

எனக்குச் சோறு இறங்கவில்லை. பல நாள் இறங்கவில்லை. அதற்குப் பிறகும் சொல்வதற்கு ஏழு வருடம் எடுத்துக்கொண்டேன்.

சென்ற கிறிஸ்துமஸுக்கு அவர் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது சொன்னேன். மழை, காற்று, முள், திருகு, எல்லாவற்றையும் அழுதுகொண்டே சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். கடைசியில் என் தலையைத் தடவிக்கொடுத்தார்.

"சித்தப்பா மனசு ஆறணும்னு சொல்றே. நீ நல்ல புள்ளத்தா" என்றார். "அன்னைக்கி நீ தொடலன்னு சொன்னப்ப, நான் உன் கண்ணப் பாத்தேன்ல."

அதற்கு மேல் நான் என்ன சொன்னாலும் அவருக்குள் போகவில்லை. பத்து வயதில் நான் செய்த சத்தியத்தை இருபத்தைந்து வயதில் என்னால் அசைக்க முடியவில்லை. தன் கண்ணைவிட, தன் கையெழுத்தைவிட, என் ஒரு சொல்லை அவர் பெரிதாக நம்புவார் என்பது அன்றைக்கு எனக்குத் தெரியாது. தெரிந்ததெல்லாம், சித்தப்பா திட்டவில்லை, தப்பித்தோம் என்பதுதான்.

தையல் மிஷின் மேல் அந்தக் கருவி இன்னும் இருக்கிறது. அவர் எழுந்து போய் அதன் முன்னால் நின்றார். மணி நான்காகியிருந்தது. டொக், டொக் என்று தட்டினார். பிறகு, என்னைத் தேற்றுவதற்காக, "வீடு ஏறிருச்சுத்தா" என்றார்.