தொழுகை இல்லாத இரண்டு நாள்

கர்ப்பப்பை வாயில் எடுத்த டெஸ்ட் சரியில்லை என்று போன் வந்தபோது நான் மீன் ஆய்ந்துகொண்டிருந்தேன். பயப்படாதீங்க, புற்றுநோய் என்று அர்த்தமில்லை, ஒரு வைரஸ் இருக்கிறது, செல்லில் கொஞ்சம் மாற்றம் தெரிகிறது, தஞ்சாவூருக்கு வந்தால் பெரிய டாக்டர் லென்ஸ் வைத்துப் பார்ப்பார் என்றார் நர்ஸம்மா. பயப்படாதே என்று யாராவது சொன்னால்தான் எனக்குப் பயமே வரும். அந்த வைரஸ் எப்படி வரும் என்று கேட்டேன். பெரும்பாலும் ஆணும் பெண்ணும் சேர்வதில்தான் வரும், ஆனால் பல வருஷம் சத்தமில்லாமல் உடம்பில் கிடக்கும், எப்போது வந்தது, யாரிடமிருந்து வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது என்றார்.

மச்சான், அதாவது என் கணவர், குவைத்துக்குப் போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ‘அவர் அங்கே, இவளுக்கு எப்படி?’ என்று கேட்க எங்கள் ஊர் கூத்தாநல்லூரில் ஒரு வாய் போதும். அவர் அங்கே எப்படி இருந்தாரோ என்று நானும் நினைத்தேன். நினைத்ததற்காக என்மேலேயே எரிச்சல் வந்தது.

மாதவிலக்கு நாளைக் கணக்குப் பார்த்துச் செவ்வாய்க்கிழமை வரச்சொல்லியிருந்தார்கள். அதற்கு முந்தைய இரண்டு நாளும் கணவரோடு சேரக் கூடாது. என் நேரம், மச்சான் லீவில் வந்து இறங்கியது ஞாயிற்றுக்கிழமை காலையில்.

இரண்டு வருஷம் கழித்து வந்த மனிதரிடம் என்னத்தைச் சொல்ல? தலைவலி என்றால் தைலம் தேய்த்துவிட வருவார், அது இன்னும் ஆபத்து. அவர் காதில் விழுகிற மாதிரி என் மாமியாரிடம், “எனக்குத் தொழுகை இல்ல மாமி” என்றேன். மாதவிலக்கில் தொழவும் கூடாது, சேரவும் கூடாது; எங்கள் வீடுகளில் அதை இப்படித்தான் சொல்வது. அதற்குமேல் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். பத்துப் பன்னிரண்டு நாளைக்கு முன்னால்தான் இதையே சொல்லியிருந்தேன். மாமி என்னை ஒரு மாதிரி பார்த்தார். கேட்டுத் தொலைத்திருந்தால்கூடத் தேவலை.

பொய்யைச் சொன்னேனே தவிர, அதன் வால் எவ்வளவு நீளம் என்று யோசிக்கவில்லை. பள்ளிவாசலில் தொழுகைக்கு பாங்கு சொன்னதும் மாமி தொழுகை விரிப்பை விரிப்பார், நான் அடுப்படியில் நிற்பேன். அல்லாஹ்விடம் அழ வேண்டும் என்று அப்படித் தவித்த நாள் என் வாழ்க்கையில் கிடையாது. அந்த நாளாகப் பார்த்து நானே எனக்குக் கதவைச் சாத்திக்கொண்டேன். மச்சானைப் பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் டீ போட்டேன், அவர் கொண்டுவந்த சென்ட்டை முகர்ந்து நல்லாயிருக்கு என்றேன். செவ்வாய்க்கிழமைக்குப் பல் டாக்டர் என்று இன்னொரு பொய்யும் சொல்லிவைத்தேன். உனக்கு எப்படி வந்தது என்று மச்சான் கேட்டால் என்ன சொல்வது என்று மட்டும் மனசு ஓயாமல் ஒத்திகை பார்த்துக்கொண்டே இருந்தது.

திங்கட்கிழமை சாயங்காலம் அசர் தொழுகைக்கு மச்சான் பள்ளிவாசலுக்குப் போனார். மாமி பக்கத்து வீட்டில் இருந்தார். மாடி அறைக்குப் போய்க் கதவைச் சாத்திவிட்டுத் தொழுதேன், தாழ்ப்பாள் போட மறந்துவிட்டேன். சலாம் கொடுத்துத் தொழுகையை முடித்துத் திரும்பினால், மறந்துவிட்டுப் போன போனை எடுக்க வந்த மச்சான் அறை வாசலில் நிற்கிறார்.

“தொழுகை இல்லன்னியே” என்றார். பிறகு குரல் இறங்கி, “என்னைப் பிடிக்கலையா?” என்றார்.

கோபப்பட்டிருந்தால் மூன்றாவதாக ஒரு பொய் சொல்லியிருப்பேன். அந்தக் குரலுக்கு என்னால் பொய் சொல்ல முடியவில்லை. டெஸ்ட் எடுத்த இடத்தில் வாங்கிவந்து பீரோவில் புடவைக்கு அடியில் வைத்திருந்த ரிப்போர்ட்டை எடுத்துக் கொடுத்தேன். நர்ஸம்மா சொன்னதையெல்லாம், அது வருகிற வழியையும் சேர்த்து, ஒரே மூச்சில் ஒப்பித்தேன். பிறகு அந்தக் கேள்விக்காகக் காத்திருந்தேன்.

அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். தாளைப் பார்த்தபடியே, “என்கிட்டேருந்து வந்துச்சா?” என்றார்.

யாராலும் சொல்ல முடியாதாம் என்றேன். அவர் நிமிரவேயில்லை.

மறுநாள் தஞ்சாவூர் பஸ்ஸில் ஜன்னல் சீட்டை எனக்குக் கொடுத்துவிட்டு, ரிப்போர்ட் பையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். இரண்டு நாளாக நான் பயந்துகொண்டிருந்த கேள்வி இப்போது அவரிடம் கேட்க என் வாயில் வந்து நின்றது.