ரோமன் படம்

மேசையில் அந்தப் படத்தைக் காணவில்லை என்றதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்போது டவுன்டவுனில் பல்கலைக்கழகம் போய்க்கொண்டிருந்தேன்; ஓவிய வரலாறு. பதினெட்டாம் நூற்றாண்டு பிரெஞ்சு நீர்வர்ண ஓவியம் ஒன்றைப் பற்றி மறுநாள் வகுப்பில் பேச வேண்டும். மட்டையில் ஒட்டிய அதன் பிரதியைப் பேராசிரியர் போன கிழமை பத்திரம் என்று சொல்லித் தந்திருந்தார். பார்க் எக்ஸ்டென்ஷனில் எங்கள் வீட்டில் ஒரு சாமானை வைத்த இடத்தில் எடுக்க முடிந்தால்தானே!

தேடிப் போனால், அது வரவேற்பறைப் பீடத்தில், அந்தோனியாருக்கும் மாதாவுக்கும் நடுவில் நிற்கிறது. முன்னால் மெழுகுதிரி வேறு. மட்டையின் ஓரமெல்லாம் மெழுகு.

"அம்மா! ஆர் இதை இஞ்சை வைச்சது?"

"நான்தான். சுவாமிப் படத்தைக் குப்பையோடை குப்பையாப் போட்டு வைச்சிருக்கிறாய். பாவமெல்லே?"

"இது சுவாமிப் படமில்லையம்மா!"

"எனக்கென்ன வாசிக்கத் தெரியாதோ? கீழை ரோமன் எண்டு கிடக்கு. நாங்கள் ரோமன் கத்தோலிக்கர்தானே."

தலையைக் கொண்டுபோய் எந்தச் சுவரில் முட்டுவது? "ஐயோ, பிரெஞ்சிலை அந்தச் சொல்லுக்கு நாவல் எண்டு அர்த்தம். இது ஒரு கதையிலை வாற காட்சி."

அம்மா விடவில்லை. "அப்ப இந்தப் பிள்ளை ஏன் முழங்காலிலை நிக்குது? அந்தப் பெரியவர் கையைத் தூக்கி ஆசீர்வதிக்கிறாரே."

"ஆசீர்வதிக்கேல்லை, போ எண்டுறார். அவர் தகப்பன். அவர் பார்த்த மாப்பிள்ளை வேண்டாமெண்டு அவள் கெஞ்சுறாள்."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை டொரண்டோவிலிருந்து என்னைப் பெண் பார்க்க வருகிறார்கள். அப்பா பேசி முடித்துவிட்டார். வேண்டாம் என்று நான் தொண்டை கிழியக் கத்தியும் அம்மா ஒரு பேச்சுப் பேசவில்லை. "நீ ஓம் சொல்லவேணுமெண்டு ரெண்டு மூண்டு நாளா இந்தப் படத்திட்டைத்தானே மன்றாடினனான்" என்றார் அம்மா. எரிச்சலில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். "கதவடியிலை நிக்கிற மனுசி ஆர்?"

"தாய்."

"அவ ஒண்டும் சொல்லேல்லையோ?"

"கதை முடியுமட்டும் வாயே திறக்கேல்லை."

"சீ! உவளும் ஒரு தாயோ!" என்றார் அம்மா. பிறகு என் முகத்தைப் பார்த்தார். அடுத்த அறையில் அப்பா பார்த்துக்கொண்டிருந்த தொலைக்காட்சி இரைந்துகொண்டிருந்தது. அம்மா மெழுகுதிரியை ஊதி அணைத்துவிட்டு அங்கே போனார்.

"இஞ்சாருங்கோ, உந்த டிவியை நிப்பாட்டுங்கோ. ஞாயிற்றுக்கிழமை அவையளை வரவேண்டாமெண்டு சொல்லுங்கோ."