பிடித்த பந்தை வானத்துக்கு எறிந்தவன்

2024 மார்ச் 10, ஞாயிறு. ஐந்து நாற்பதுக்கு எழுந்தேன். தேநீர், சவரம். இரண்டு பென்சில் சீவினேன். ஆறரைக்கு, நாங்கள் இருக்கும் சீசா வட்டாரத்தில் பஸ் ஏறி, நான் காவலாளியாக இருக்கும் பேஸ்போல் மைதானத்தைத் திறந்து, சுண்ணாம்புக் கோடு போட்டு முடிக்க ஒன்பது மணி.

அன்று தேர்வுப் போட்டி. கடைசிப் பிரிவு அணிதான். வெளிக்களத்தில் ஓர் இடம் காலி. என் மனைவியின் தம்பிக்கு அது வேண்டும். லிபெர்த்தா தெருவில் ஓர் இத்தாலியச் சிஞ்ஞோரா, அதாவது எசமானியம்மா, வீட்டில் ஆறு நாளும் வேலை செய்துவிட்டு, குளிர்காலம் முழுக்க ஞாயிறுகளில் இதற்காகவே ஓடினான். ஆட்டக் குறிப்பு எழுதுகிறவன் நான் என்பதால், அவனுடைய பலத்தையும் பலவீனத்தையும் ஒரு தாளில் எழுதித் தரும்படி பயிற்சியாளர் கேட்டிருந்தார். என் மைத்துனன் என்று சொன்னேன். "அதனால்தான் கூட்டி எழுத மாட்டீர்" என்றார்.

பலம்: மட்டையின் சத்தத்திலேயே பந்து விழும் இடத்தை அறிகிறான். எறி நேராக வருகிறது.

ஏழாவது சுற்றில், மூன்றாம் பேஸில் எதிராளி நிற்க, பந்து உயரப் போனது. பின்னோக்கி ஓடிப் பிடித்தான். அருமையான பிடி. உடனே பந்தை வானத்துக்கு எறிந்துவிட்டுக் கைகளை விரித்துக்கொண்டு ஓடினான். ஊரில் அவன் ஆடிப் பழகிய கிரிக்கெட்டில் பிடித்தால் அத்தோடு சரி. இங்கே, பிடித்த பிறகும் பேஸில் நிற்பவன் ஓடலாம். அவன் நடந்தே வந்து ஓட்டம் எடுத்தான்.

பயிற்சியாளர் தொப்பியால் முகத்தை மூடினார். "இது திருந்துமா? நாளைக்குள் அதையும் எழுதும்."

பஸ்ஸில் கேட்டேன்: "எத்தினை தரம் சொன்னனான்?"

"பிடிச்சனான்தானே அத்தான்?"

"பிடிச்சனீ. பிறகு ஆருக்கு எறிஞ்சனீ? வானத்திலை பறக்கிற சம்மனசுக்கோ?"

"நீங்கள் சொன்னது மண்டையிலை இருந்தது. கை கேக்கேல்லை."

"அப்ப கையைப் பற்றியே எழுதிறன்."

"ஐயோ, எழுதாதேங்கோ. இந்தமுறை விட்டால் எனக்கு வயசு போயிடும். அக்காவுக்காகவாவது."

தம்பி சொன்னதைக் கேட்ட அக்கா, என் மனைவி, வீட்டில் என்னோடு கதைக்கவில்லை. தாளை எழுதினேன், கடைசி வரியில் பேனா நின்றது. திருந்தும் என்று எழுத ஆதாரம் இல்லை. திருந்தாது என்று எழுதினால் வீட்டில் எனக்குச் சோறு இல்லை.

திங்கள் காலை, தேநீருக்கும் முன்னால், எங்கள் கூடத்தில் தூங்கிக்கொண்டிருந்தவனை எழுப்பி முற்றத்துக்கு இறக்கினேன். "முகம்கூடக் கழுவேல்லை அத்தான்" என்றான். சொல்லாமல் பந்தை உயர எறிந்தேன். பிடித்தான். கை மேலே பாதிவரை போனது. நின்றது. பிறகு பந்து என் நெஞ்சுக்கு வந்தது.

'திருந்தும்; நாளாகும்' என்று எழுதினேன்.