லெங்குவாஸ் செடிக்குக் கீழே இரண்டு அடி

போன வருடம் ஹரி ராயா பெருநாளுக்கு முதல் நாள் காலை, கிள்ளானில் எங்கள் மூலை வீட்டுத் தோட்டத்தில் நடந்தது இது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

அதற்குச் சில மாதங்கள் முன்பு, தோட்டத்து ஓரத்தில் இருக்கும் முனியாண்டி சாமி மேடைக்கு விளக்குப் போட நினைத்தோம். வயர்மேன் வந்து பார்த்துவிட்டு, "மண்வெட்டி படுற இடம்னா ரெண்டு அடி ஆழம் வேணும்க்கா. கேபிளைக் குழாய்க்குள்ள விட்டு, ஒரு அடி மண்ணு மூடினதும் மஞ்சள் எச்சரிக்கை டேப் விரிச்சு, அப்புறம் மிச்ச மண்ணைத் தள்ளணும்" என்றார். பள்ளம் தோண்டுவது எங்கள் பொறுப்பு. என் கணவர் ஒரு சாண் தோண்டியதுமே நிமிர்ந்துவிட்டார். கிள்ளான் களிமண், அவருக்கோ தொப்பை.

"போதும்லா! விளக்குப் போடுறோமா, கிணறு வெட்டுறோமா?"

எனக்கு வந்ததே கோபம்! அந்த வழியில்தான் என் மஞ்சளும், லெங்குவாஸ் என்கிற பேரரத்தையும் நிற்கின்றன. பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மாவை மாக்சிக் என்றுதான் கூப்பிடுவோம்; அவர் ரெண்டாங் கறி சமைக்கும்போதெல்லாம் கேட்டைத் திறந்துகொண்டு வந்து, தானே கிழங்கு தோண்டிக்கொண்டு போவார். அவர் மண்வெட்டி ஓங்குகிற வேகம் எனக்குத் தெரியும்.

"ரெண்டு அடி இல்லேன்னா சாமி இருட்டுலயே இருக்கட்டும்" என்று பள்ளத்துப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டேன். முணுமுணுத்துக்கொண்டே தோண்டி முடித்தார். அப்புறம் வயர்மேன் வந்து கேபிளும் டேப்பும் போட்டு மூட, சாமிக்கு விளக்கு எரிந்தது.

ராயாவுக்கு முதல் நாள் விடிய விடிய மழை. காலையில் சமையலறை ஜன்னலைத் திறந்தால், மாக்சிக் ஈர மண்ணில் வெறுங்காலோடு நின்று வெட்டிக்கொண்டிருக்கிறார். சாமி விளக்கை நான் இன்னும் அணைக்கவில்லை. கிழங்கு ஆழமாக ஓடியிருக்கும் போல, மண்வெட்டி முனையில் மஞ்சள் டேப் சிக்கிக்கொண்டு வந்தது.

"அலாமாக்! இது என்ன?"

"கரண்டு மாக்சிக், கரண்டு! வெட்டாதீங்க!" என்று நான் போட்ட கூச்சலில், கணவர் வாயில் பிரஷ்ஷோடு ஓடி வந்தார். குழியை எட்டிப் பார்த்தார். கேபிள் இன்னும் ஒரு அடி கீழே பத்திரமாக இருந்தது. அவர் முகம்தான் வெளுத்துவிட்டது. அந்த ஒரு சாண் ஞாபகம் வந்திருக்கும்.

மறுநாள் மாக்சிக் வீட்டிலிருந்து, மாட்டிறைச்சி சாப்பிடாத எங்களுக்கென்றே தனியாகக் கோழியில் செய்த ரெண்டாங் வந்தது. இப்போதெல்லாம் என் கணவர் தோட்டம் வைத்திருக்கிற எவரைப் பார்த்தாலும், "ரெண்டு அடிக்குக் குறையவே கூடாது பாஸ்" என்று தன் யோசனை மாதிரியே அளக்கிறார். நானும் விட்டுவிடுகிறேன். சாயங்காலம் சாமி விளக்கைப் போடும்போது, வேலிக்கு அந்தப் பக்கம் மாக்சிக் பாத்திரம் உருட்டும் சத்தம் கேட்கும். அது கேட்டால் போதும், எனக்கு மனசு நிறைந்துவிடும்.