லீட்டருக்குப் பதினாறு

என் கார் ஒரு லீட்டர் பெற்றோலுக்கு ஒன்பது கிலோமீற்றர் ஓடியது. பதினாறு ஓடுகிறது என்று பத்து வருடம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். கேட்பதற்குச் சின்னப் பொய்தான். அந்தப் பொய்யால் ஒரு பெண்மணி கார் ஓட்டுவதையே விட்டார். ஏன் விட்டார் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. இப்போது எண்பதை நெருங்குகிறேன், எழுதியாவது வைக்கிறேன்.

அப்பா வடக்கிலிருந்து உத்தியோகத்துக்காக வந்தவர். நான் மாத்தளையிலேயே பிறந்து, இங்கேயே படித்து, இருபது வருடம் இங்கேயே பௌதிகவியல் படிப்பித்து, பிறகு கல்வி அலுவலகத்தில் உதவிப் பணிப்பாளரானேன். நான் ஒன்றை அளந்து சொன்னால் அது சரியாக இருக்கும் என்று ஒரு பேர் இருந்தது. அந்தப் பேரை நானே கொஞ்சம் பரப்பியும் இருந்தேன்.

தொண்ணூறுகளின் பின்பாதியில் எங்கள் தரத்து அதிகாரிகளுக்கு வரி குறைத்துப் புதிய கார் இறக்குமதி செய்ய அனுமதி கிடைத்தது. பேமிட் என்போம். வடக்கே சண்டை நடந்துகொண்டிருந்தது, தம்புள்ளை வீதியில் மணல் மூட்டைகள் கூடிக்கொண்டே வந்தன, எங்கள் அலுவலகத்தில் மட்டும் காரைத் தவிர வேறு பேச்சில்லை. பேமிட் கிடைத்தவர்களும் கிடைக்கப்போகிறவர்களும் கொழும்பிலிருந்து வந்த வழுவழுப்பான விளம்பரப் புத்தகங்களைக் கோப்புகளுக்குள் வைத்துப் படித்தார்கள். எல்லாரையும்விட அதிகம் தெரிந்து வைத்திருந்தவர், பேமிட் கிடைக்க எந்த வழியும் இல்லாத எங்கள் பியோன். எந்தக் கார் எத்தனை கிலோமீற்றர் ஓடும் என்று அவர் வாய்ப்பாடு மாதிரி ஒப்புவிப்பார்.

நான் அதை விஞ்ஞான முறைப்படி செய்ய நினைத்தேன். எரிபொருள் முழுதாக எரிந்தால் புகை குறையும், புகை குறைந்த கார் பெற்றோலை வீணாக்காது. அப்படியானால் புகையை ஒப்பிட்டாலே போதும். நான் முன்பு படிப்பித்த பாடசாலையின் ஆய்வுகூடத்திலிருந்து ஒரு பெட்டி வடிதாள் எடுத்து வந்தேன். மாணவர்கள் கரைசல் வடிப்பதற்கான வட்டக் கடதாசி. கேட்டு எடுத்தேன் என்று எழுத ஆசை, கேட்கவில்லை.

ஒரு நாள் பகல் சாப்பாட்டு நேரத்தில், ஏற்கனவே கார் வாங்கிவிட்ட மூவரின் கார்களை அலுவலக முற்றத்தில் வரிசையாக நிறுத்தி, ஒவ்வொரு புகைக்குழாயின் வாயிலும் ஒரு கடதாசியை வைத்து ரப்பர் வளையத்தால் கட்டினேன். "ஸ்டார்ட் பண்ணுங்க" என்றேன். முதலாவது கடதாசி பட்டென்று பிய்த்துக்கொண்டு பறந்து, மேல் வராந்தாவில் நின்ற பணிப்பாளரின் தேநீர்க் கோப்பையில் விழுந்தது. அவர் கோப்பையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், கோப்பையோடு உள்ளே போனார்.

"சேர், காருக்கு மலேரியா இருக்கான்னு பாக்குறீங்களா?" என்று பியோன் கேட்டார்.

அடுத்த கடதாசிகளில் ஊசியால் துளை போட்டுக் கட்டினேன். மூன்றும் நின்றன. வீட்டுக்குக் கொண்டுபோய், பெயரெழுதிச் சுவரில் குத்தி வைத்தேன். மனைவி வந்து பார்த்தாள்.

"என்னங்க இது, நடுவுல கருகின அப்பத்த சுவத்துல மாட்டியிருக்கீங்க?"

கருகல் குறைந்த அப்பத்தின் காரையே வாங்கினேன். விளம்பரப் புத்தகமும் அதற்கு லீட்டருக்குப் பதினாறு என்றது. என் முடிவும் கம்பனியின் முடிவும் ஒத்துப்போனதில் எனக்குப் பெரிய திருப்தி.

கார் வந்த வாரமே டேங்கை வாய்வரை நிரப்பிக்கொண்டு, அலுவிகாரையிலிருந்த எங்கள் வீட்டிலிருந்து மனைவியோடு தம்புள்ளை போய்த் திரும்பி, அதே பெற்றோல் செட்டில் மறுபடியும் வாய்வரை நிரப்பினேன். கணக்குப் போட்டேன். ஒன்பது. திரும்பவும் போட்டேன். ஒன்பது.

"செக் பொயின்ட்ல ரொம்ப நேரம் நின்னோம்ல" என்றேன்.

"இஞ்சின நிப்பாட்டிட்டுத்தானே நின்னோம்" என்றாள் மனைவி.

மறுநாள் அலுவலகத்துக்குள் நுழையும்போது எல்லாரும் எனக்காகக் காத்திருந்தார்கள். பியோன் முன்னால் நின்றார். "சேர், எத்தன?" சுவரில் அப்பம் மாட்டிய மனிதன் ஒன்பது என்று எப்படிச் சொல்வான்? "பதினாறு" என்றேன். பிறகு, அது போதாது என்று நினைத்தேனோ என்னவோ, "ஏசி போட்டா பதினஞ்சரை" என்றும் சேர்த்துக்கொண்டேன். அந்த அரைதான் எல்லாரையும் நம்ப வைத்தது.

நம்பியவர்களில் ஒருவர் உக்குவளையில் குடியிருந்த ஒரு பெண்மணி. றத்தோட்டைப் பக்கம் ஒரு தமிழ்ப் பாடசாலையின் அதிபர். நாற்பத்தைந்து வயதுக்குப் பிறகு பிடிவாதமாகக் கார் ஓட்டப் பழகி, ஒரு பழைய காரில் தினமும் தனியாகப் பாடசாலைக்குப் போய் வந்தவர். அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் ஸ்டியரிங் பிடித்த பெண்களை விரல் விட்டு எண்ணலாம். அவருக்குப் பேமிட் வந்ததும் நேராக என்னிடம் வந்து, கார்களை ஒப்பிட்டு நான் எழுதி வைத்திருந்த அட்டவணையைப் பார்த்து, அதே காரை வாங்கினார்.

இரண்டு மாதம் கழித்து அலுவலகத்துக்கு வந்தார்.

"சேர், எனக்கு ஒம்பதுதான் வருது. காருல ஏதும் பிழையா?"

எனக்கும் ஒன்பதுதான் என்று சொல்ல அதைவிட நல்ல நேரம் வாய்த்திருக்காது. அறையில் வேறு யாரும் இல்லை.

"காருல பிழையில்ல டீச்சர்" என்றேன். "ஓட்டுற விதத்துல இருக்கு."

அவர் முகம் சுருங்கியதைப் பார்த்தேன். பரிகாரம் செய்வதாக நினைத்து, சிக்கனமாக ஓட்டுவதற்கு ஒரு முழுப்பக்கம் எழுதிக் கொடுத்தேன். செருப்பில்லாமல் ஓட்டினால் மிதி மெதுவாக விழும். கண்ணாடிகளை மூடினால் காற்றுத் தடை குறையும். டிக்கியில் பாரம் வேண்டாம். அவர் ஒன்றையும் விடவில்லை. வெறுங்காலோடு, கண்ணாடியெல்லாம் மூடி, ஏசி இல்லாமல், சேலை வியர்வையில் ஒட்ட றத்தோட்டைக்கு ஓட்டினார். பாரம் குறைக்க மேலதிக டயரையும் வீட்டில் கழற்றி வைத்ததால், ஒரு நாள் டயர் வெடித்து ஒன்றரை மணித்தியாலம் வீதியோரம் நின்றார்.

அவருடைய கணவர் நில அளவையாளர். அவரும் என்னைப் போலவே எதையும் அளக்காமல் விடாதவர். மனைவியின் பக்கத்து ஆசனத்தில் கொப்பியோடு உட்கார்ந்து, "கால எடு, கால எடு" என்று உக்குவளையிலிருந்து மாத்தளை வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தாராம். அதுவும் போதாமல் ஒரு ரப்பர் பந்தைப் பாதியாக வெட்டி அக்சிலரேட்டருக்குக் கீழே வைத்தார்.

"சேர், நான் அத மிதிக்கிறதே இல்ல, தடவுறேன்" என்று டீச்சர் ஒரு நாள் என்னிடம் சொன்னார். "அப்பவும் ஒம்பதுதான். சேரோட கார் எப்பிடித்தான் பதினாறு ஓடுதோ."

நான் சிரித்தேன். வேறென்ன செய்ய.

கடைசியில் கணவர், "கொஞ்ச நாளைக்கு நான் ஓட்டிப் பாக்குறேன்" என்று சாவியை வாங்கிக்கொண்டார். ஒரு மாதத்துக்குப் பிறகு அவரைச் சந்தையில் கண்டேன். பையில் கத்தரிக்காயோடு நின்றவர், என்னை ஓரமாக அழைத்துப் போனார்.

"சேர், மெய்யாவே ஒங்களுக்கு எவ்வளவு வருது?"

கேட்ட தொனியிலேயே எனக்கு விளங்கிவிட்டது. அவருக்கும் ஒன்பதுதான். வீட்டில் என்ன சொல்லியிருப்பார் என்பதும் விளங்கியது.

"பதினாறு" என்றேன். "ஒங்களுக்கு?"

அவர் கத்தரிக்காயைப் பார்த்தார். "பதினஞ்சு" என்றார். "எனக்கு ஒண்ணு கொறவுதான்."

இரண்டு பேரும் தலையசைத்துக்கொண்டோம். அவ்வளவு கௌரவமாக நான் வேறு எந்தக் குற்றத்திலும் பங்கெடுத்ததில்லை.

அந்தத் தலையசைப்போடு டீச்சரின் கார் ஓட்டம் முடிந்தது. அவர் ஓட்டினால் ஒன்பது, கணவர் ஓட்டினால் பதினைந்து என்றால், இனி அவர் எந்த முகத்தோடு சாவியைக் கேட்பார்? பஸ்ஸில் போகத் தொடங்கினார். உக்குவளையிலிருந்து மாத்தளைக்கு ஒரு பஸ், அங்கிருந்து றத்தோட்டைக்கு இன்னொன்று. சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தினால் எல்லாரும் இறங்க வேண்டும். ஒரு காலை நான் காரில் போகையில் அந்த வரிசையில் அவரைக் கண்டேன். கையில் அடையாள அட்டை, தோளில் பரீட்சைத் தாள்கள் நிரம்பிய பை. என்னை இராணுவத்தார் கை காட்டி அனுப்பினார்கள். டீச்சர் என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் நிறுத்தி ஏற்றிக்கொண்டு போயிருக்கலாம். ஏற்றினால் பெற்றோல் பேச்சு வரும் என்று கையை ஆட்டிவிட்டுப் போனேன். நான் செய்தவற்றில் இதுதான் மிக மோசமானது என்று இன்றும் நினைக்கிறேன்.

வீட்டில் மனைவி மட்டும் உண்மை அறிந்தவள். "டீச்சர்கிட்ட சொல்லிடுங்களேன்" என்பாள். சொல்கிறேன் என்பேன். இதற்கிடையில் டீச்சர் ஓய்வு பெற்றார். நானும் ஓய்வு பெற்றேன். பாடசாலைக்கு அவர் காரில் போயிருக்க வேண்டிய காலைகள் எல்லாம் பஸ்ஸிலேயே முடிந்துவிட்டன.

பிறகு அரசாங்கம் வாகனங்களுக்குப் புகைப் பரிசோதனையைக் கட்டாயமாக்கியது. மாத்தளையில் பரிசோதனை நடந்த இடத்தில் நீண்ட வரிசை. எனக்கு முன்னால் அதே நிறத்தில், அதே கார். நில அளவையாளர் இறங்கினார், மறுபக்கம் டீச்சர் இறங்கினார். மூவரும் நலம் விசாரித்துக்கொண்டோம்.

பரிசோதகர் கண்ணாடி போட்ட, நடுத்தர வயதுச் சிங்களவர். புகைக்குழாய்க்குள் ஒரு கம்பியைச் செருகி, கணினியைப் பார்த்து, முதலில் அவர்களுடைய காரின் புகையை அளந்தார், பிறகு என்னுடையதை. கணினி அச்சிட்ட இரண்டு கடதாசிகளையும் ஒன்றாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, இரண்டும் ஒரே மாதிரித்தான் என்று சிங்களத்தில் சொன்னார். முன்பு வேலை செய்த கராஜில் இந்த மாதிரிக் கார்கள் நிறையப் பார்த்துவிட்டாராம், எதுவும் லீட்டருக்கு ஒன்பதைத் தாண்டியதில்லையாம்.

டீச்சர் சிங்களத்தில் அவரிடம் கேட்டார், அது ஓட்டுகிறவரைப் பொறுத்ததா என்று.

இல்லை மெடம், யார் ஓட்டினாலும் இஞ்சின் அப்படித்தான், என்றார் அவர்.

நில அளவையாளர் குனிந்து முன் டயரைப் பரிசோதிக்க ஆரம்பித்தார். எனக்குக் குனிய இடமில்லை.

"எனக்கும் ஒம்பதுதான் டீச்சர்" என்றேன்.

"எப்ப இருந்து?"

"மொத நாள்ல இருந்து."

அவர் தன் கால் செருப்பைப் பார்த்தார். பிறகு, "நான் செருப்பில்லாம ஓட்டினேனே சேர்" என்றார். கணவரைப் பார்த்தார். அவர் இன்னும் டயரோடுதான் இருந்தார். "ஒங்களுக்கு எத்தன?"

டயருக்குள்ளிருந்து பதில் வந்தது. "ஒம்பது."

மன்னிப்புக் கேட்டேன். என்ன வார்த்தைகள் சொன்னேன் என்று நினைவில்லை. "சரி சேர்" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். அந்தச் 'சரி'க்குள் மன்னிப்பு இருக்கவில்லை.

இரண்டு வாரம் கழித்துத் தொலைபேசி வந்தது.

"சேர், நான் திரும்ப ஓட்டப் பழகப் போறேன். கை கால் எல்லாம் மறந்து போச்சு. இவர் பக்கத்துல உக்காந்தா நடுங்குது. நீங்க வந்து உக்காருங்க."

"நானா டீச்சர்?"

"வேற யாரு?"

அறுபது தாண்டிய அவர் ஓட்ட, எழுபதை எட்டிப்பிடிக்கப் போகிற நான் பக்கத்தில் உட்கார்ந்து, மூன்று வாரம் காலைகளில் உக்குவளைக்கும் மாத்தளைக்கும் இடையில் போய் வந்தோம். முதல் நாட்களில் அவர் கார் நின்று நின்று குதித்தது. ஒரு கோழி தப்பியது அதனுடைய கெட்டித்தனத்தால்தான். நான் காலால் தரையை அழுத்திக்கொண்டு, வாயைத் திறக்காமல் இருந்தேன். அறிவுரை சொல்லும் உரிமை எனக்கு இல்லை என்று இருவருக்கும் தெரியும்.

மூன்றாவது வாரத்தில் ஒரு நாள், ஏற்றத்தில் இரண்டாவது கியரிலேயே போனார். பிறகு வீதி சமமானது. கியர் மாற்றவில்லை. இஞ்சின் அலறியது. பின்னால் வந்த முச்சக்கர வண்டிக்காரர் முந்திப் போகத் துணியவில்லை. கண்ணாடிகள் திறந்திருந்தன. ஏசியும் ஓடியது.

"சேர், இப்பிடி ஓட்டினா எத்தன வரும்?" என்று, வீதியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்.

"ஆறு" என்றேன். "ஆறுகூட வராது டீச்சர்."

"வராட்டிப் போகுது" என்று சொல்லிவிட்டு, இன்னும் கொஞ்சம் மிதித்தார்.