ஆம்புலன்சுக்கு முன்னால் போகிற மாமா

என் அக்கா புருஷன் கொளஞ்சியப்பன் குறிஞ்சிப்பாடியிலிருந்து வடலூர் வரைக்கும் டீக்கடைகளுக்கு ரஸ்க் போடுகிறவர். பிழைப்பு அதில்தான். பெருமை மட்டும் வேறு ஒன்றில். ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் ரோட்டில் எல்லோரும் இடது பக்கம் ஒதுங்கி நிற்பார்கள். இவர் ரஸ்க் மூட்டையோடு தன் எக்ஸ்எல் மொபெட்டை நடுரோட்டில் ஏற்றி, அதற்கு முன்னால் பறப்பார். பறப்பார் என்பது அவர் பேச்சு. முள் நாற்பதைத் தாண்டாது. ஒரு கையில் துண்டைச் சுழற்றிக்கொண்டு, "ஒதுங்கு, ஒதுங்கு, உசுரு போவுது!" என்று கத்துவார். பின்னால் எண்பதில் வரவேண்டிய வண்டியும் நாற்பதில் ஊர்ந்து வரும்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் ஏதோ ஒரு டிரைவர் இவரைப் பார்த்துக் கையைத் தூக்கினாராம். அதில் பிடித்த பைத்தியம். அந்தக் கை நன்றி சொல்லத் தூக்கியதா, அடிக்கத் தூக்கியதா என்று எனக்கு இன்றும் சந்தேகம்தான்.

"ஓரமா நின்னா பத்தாதா மாமா?" என்று கேட்டால், "எல்லாரும் நின்னுட்டா யாரு மச்சான் கூட்டிக்கினு போறது?" என்பார். ஆம்புலன்ஸ் டிரைவருக்கு வழி தெரியாது என்று அவருக்கு யார் சொன்னார்களோ.

போன தை மாதம் ஒரு காலையில் நானும் பின்னால் உட்கார்ந்திருந்தேன். எங்கள் ஊரான வடலூரை நெருங்கும்போது சைரன் கேட்டது. மாமா துண்டை உருவினார். அதே நேரம் அவர் சட்டைப்பையில் போன் அடித்தது. "டூட்டில போன் எடுக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டார். என் போன் வீட்டில் சார்ஜில் கிடந்தது.

ஆம்புலன்ஸ் மைக்கில் அலறியது: "எக்ஸ்எல்லு, ஓரமா நில்லுய்யா!"

மாமாவும் முன்னால் பார்த்து அலறினார்: "எக்ஸ்எல்லுலாம் ஓரமா நில்லுய்யா!" ரோட்டில் எங்களைத் தவிர வேறு எக்ஸ்எல்லே கிடையாது.

ஒரு டவுன் பஸ், பெண்ணாடம் ஆலைக்குப் போகிற இரண்டு கரும்பு டிராக்டர் எல்லாவற்றையும் இடது பக்கம் நெட்டி நிறுத்தி, வெற்றியோடு முன்னால் போய்த் திரும்பிப் பார்த்தார். ஆம்புலன்ஸ் வரவில்லை. எங்கள் தெருமுனையில் நின்று கதறிக்கொண்டிருந்தது. கோபமாகத் திரும்பிப் போனோம்.

டிரைவர் இறங்கி வந்து மாமாவின் சட்டையைப் பிடித்தார். "யோவ், நான் இந்தத் தெருவுல திரும்பணும்யா! தெருமொனையில டிராக்டர நிறுத்தி வச்சிருக்கியே! நெஞ்சுவலின்னு ஒரு அம்மா கெடக்குது!"

"யாரு வூடு?" என்றார் மாமா.

"சந்திரலேகாவாம். பச்ச கேட்டு."

என் அக்கா. மாமா எடுக்காத அந்த போன் அவளுடையதாகத்தான் இருக்கும். மாமா ஓடிப் போய்க் கரும்பு டிராக்டரைக் கையால் தள்ள ஆரம்பித்தார். அது முன்னும் போகாது, பின்னும் போகாது. அப்போது பஸ்ஸுக்கும் டிராக்டருக்கும் நடுவில், பக்கத்து வீட்டுக் கலைமணி தாங்கிப் பிடிக்க, நெஞ்சில் கை வைத்தபடி அக்கா நடந்தே வந்தாள். வியர்வையில் புடவை நனைந்திருந்தது. அந்த மனிதரை அங்கேயே அறைந்திருப்பேன்.

அக்காவைப் படுக்க வைத்தார்கள். கூட ஒருத்தர்தான் போகலாம் என்றதும் கலைமணி ஏறிக்கொண்டாள். மாமா என்ன செய்தார் தெரியுமா? வண்டியை உதைத்து ஸ்டார்ட் பண்ணித் துண்டை எடுத்துவிட்டார்.

படுத்திருந்த அக்கா தலையைத் தூக்கினாள். "டேய் தம்பி, அந்த ஆளு சாவியப் புடுங்குடா மொதல்ல!"

பிடுங்கினேன். ஆம்புலன்ஸ் கடலூர்ப் பக்கம் திரும்பியது. அக்கா பிழைத்து வந்து இன்றுவரை திட்டிக்கொண்டுதான் இருக்கிறாள். அன்றைக்கு அது எங்களுக்குத் தெரியாது.

ஆறு வருஷத்தில் முதல் தடவையாக ஓர் ஆம்புலன்ஸ் மாமாவைத் தாண்டிப் போனது. நாங்கள் கண்ணை இமைப்பதற்குள் வளைவில் மறைந்துவிட்டது. மாமா இடது ஓரத்தில், துண்டைக் கையில் வைத்துக்கொண்டு அந்த வளைவையே பார்த்தபடி நின்றார்.

"இவ்ளோ வேகமாவா மச்சான் போவும்?" என்றார்.